பசியா, வேக்காடா?

கிராமத்து வீட்டை விற்றபோது அங்கிருந்து நான் கொண்டுவந்தவை இரண்டே பொருள்கள். ஒன்று அப்பாவின் எழுத்து மேஜை. மற்றொன்று அம்மா வளர்த்த துளசியிலிருந்து எடுத்த ஒரு கன்று. மேஜையால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. துளசிதான் சென்னையில், மூன்றாவது மாடியில், என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டது.

அந்த வீட்டுப் பால்கனியை எனக்கு முன்பு குடியிருந்தவர் கண்ணாடி போட்டு அடைத்திருந்தார். மேற்குப் பார்த்த இடம். வெயில் கிடைக்குமே என்று தொட்டியை அங்கே வைத்தேன். ஒரு மாதத்தில் இலைகள் வெளுத்தன. பசிதான் என்று தீர்மானித்து, கடையில் வாங்கிய உரத்தில் ஒரு கரண்டி போட்டேன். இலை நுனிகள் கருகின. பசி இன்னும் அடங்கவில்லை போலும் என்று மறு கரண்டியும் போட்டேன். அன்பு மிகுந்தவர்கள் வழக்கமாகச் செய்கிற காரியம் இதுதானே! பிள்ளையின் முகம் வாடினால், ஏன் வாடியது என்று கேட்பதற்கு முன்பே தட்டில் சோறு விழுந்துவிடுகிறது.

குடியிருப்பில் தோட்ட வேலை பார்க்கும் பெரியவர் ஒருநாள் வந்து பார்த்தார். மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை நகத்தால் சுரண்டிக் காட்டினார். பிறகு கண்ணாடியில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார்.

"ஐயா, இதுக்குப் பசி இல்லீங்க, வேக்காடு. தின்னதே செரிக்கலே, அதுக்கு மேலே ஊட்டியிருக்கீங்க" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனால் பிறகு சரித்திரப் புத்தகங்களைப் புரட்டியபோது கொஞ்சம் ஆறுதலும் கிடைத்தது. கூரைக்கும் கண்ணாடிக்கும் கீழே செடி வளர்க்கப் புகுந்த பெரிய பெரிய மனிதர்களெல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் இடறியிருக்கிறார்கள்: வாடுகிற செடிக்குப் பசியா, வேக்காடா?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சீமான்களுக்கு ஆரஞ்சு மரத்தின்மேல் ஒரு மோகம். குளிர்காலத்தில் மரத்தைத் தொட்டியோடு அறைக்குள் கொண்டுபோய், அங்கேயே கணப்பு மூட்டுவார்கள். வெப்பம் இருந்தும் செடிகள் நலிந்தன. ஜான் ஈவ்லின் என்பவர் தோட்டக் கலையில் தேர்ந்தவர். அவருடைய நாட்குறிப்பு இன்றும் புகழ் பெற்றது. 1685-இல் அவர் லண்டனுக்கருகில் செல்ஸி மூலிகைத் தோட்டத்தில், தரைக்குக் கீழே அடுப்பு வைத்துச் செடி வீட்டைச் சூடேற்றியிருந்ததைப் பார்த்து வியந்தார். 1691-இல் தாமே ஒரு திட்டம் வெளியிட்டார். அதன்படி அடுப்பு அறைக்கு வெளியே இருக்க வேண்டும்; வெளிக்காற்று குழாய் வழியாகச் சூடேறி உள்ளே வர வேண்டும். அறைக்குள் அடைபட்ட காற்று மனிதனை வாட்டுவதுபோலச் செடியையும் வாட்டும் என்பது அவர் கட்சி. சூடு வேறு, புழுக்கம் வேறு என்பதை அவர் கண்டுகொண்டார். நானோ அவருக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னால் பிறந்தும் கண்ணாடியை இறுகச் சாத்தி வைத்திருந்தேன்.

சாப்பாட்டு விஷயம் தெளிவாவதற்கு இன்னும் வெகுகாலம் பிடித்தது. செடி தண்ணீரை மட்டும் குடித்தே வளர்கிறது என்று முதலில் நம்பினார்கள். ஜான் உட்வர்ட் என்ற ஆங்கிலேயர் புதினாவை மழை நீரிலும், தேம்ஸ் ஆற்று நீரிலும், மண் கரைத்த நீரிலும் வளர்த்துப் பார்த்து, அதன் விவரத்தை 1699-இல் பிரசுரித்தார். சுத்தமான நீரில் நின்ற செடி சோனியாக இருந்தது. கலங்கல் நீரில் நின்றது கொழுத்தது. அப்படியானால் தண்ணீரோடு வேறு எதுவோ உள்ளே போகிறது! அது என்ன?

1840-களில் யூஜேன் க்ரீ என்ற பிரெஞ்சுக்காரர் வெளுத்துப்போன இலையின்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவினார். தடவிய இடம் பச்சையாயிற்று. சோகை பிடித்த பெண்ணுக்கு வைத்தியர் அயச்செந்தூரம் கொடுப்பதில்லையா? கிட்டத்தட்ட அதே சிகிச்சைதான். 1860-ஐ ஒட்டி ஜெர்மனியில் ஸாக்ஸும் க்னாப்பும் மண்ணே இல்லாமல், உப்புகள் கரைந்த நீரிலேயே செடிகளை வளர்த்து, எந்தெந்தச் சத்து இல்லாவிட்டால் என்ன நேரும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

இதன் பயனாக இன்று நாம் இலையைப் பார்த்தே ஓரளவு நோய் சொல்லலாம். அடியிலுள்ள முதிய இலை முதலில் மஞ்சளித்தால், பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. தாய் தன் பங்கைக் குழந்தைக்குக் கொடுப்பதுபோல முதிய இலை தன் சத்தைத் தளிருக்கு அனுப்பிவிட்டு வெளுக்கிறது. நரம்பு பச்சையாக இருக்க, உச்சித் தளிர் மட்டும் வெளுத்தால் இரும்புக் குறைவு. இரும்பு ஓர் இலையில் குடியேறிவிட்டால் எளிதில் இடம் மாறாது. நுனி கருகி, மண்ணில் உப்புப் பூத்திருந்தால் உரம் மிஞ்சிவிட்டது. மண் ஈரமாக இருந்தும் நடுப்பகலில் இலை சுருண்டால் வெப்பத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

சத்து இருந்தால் மட்டும் போதுமா? அதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. செடியின் உணவைப் பற்றி 1840-இல் புத்தகம் எழுதி ஐரோப்பாவையே தம் பக்கம் திருப்பிய லீபிக், 1845-இல் ஓர் உரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மழையில் கரைந்து வீணாகிவிடக் கூடாதே என்று, அதை எளிதில் கரையாதபடி செய்திருந்தார். சத்தெல்லாம் இருந்தது; வேருக்கு எட்டவில்லை. உரம் படுதோல்வி அடைந்தது. பெட்டியில் பூட்டிய பணம்போல, மண்ணில் பூட்டிய சத்தும் பசியை ஆற்றாது. சுண்ணாம்பு மிகுந்த நீரை ஊற்றினால் மண்ணிலுள்ள இரும்புக்கும் இந்தக் கதிதான்.

கண்ணாடிக்குள் செடி வளர்ப்பதைச் சாதாரண வீட்டுக்கும் கொண்டுவந்தவர் நதானியேல் வார்டு என்ற லண்டன் டாக்டர். கரிப்புகை சூழ்ந்த அந்த நகரத்தில் அவர் வைத்த பெரணிச் செடிகள் பிழைக்கவில்லை. 1829-இல் ஒரு பூச்சிக்கூட்டை ஈரமண்ணோடு மூடிய பாட்டிலில் வைத்திருந்தார். பூச்சியைவிட, அந்த மண்ணில் தானாக முளைத்த பெரணிதான் அவர் கண்ணைக் கவர்ந்தது. அதிலிருந்து பிறந்த கண்ணாடிப் பெட்டி, கடல் உப்பிலிருந்து செடிகளைக் காத்து உலகமெல்லாம் கொண்டுபோயிற்று.

நம் நீலகிரிக்கும் அந்தப் பெட்டி வந்தது. இந்தியாவில் மலேரியா ஜனங்களை வாரிக்கொண்டு போன காலம். அதற்கு மருந்தான கொயினா, தென் அமெரிக்காவின் சிங்கோனா மரப் பட்டையில் இருந்தது. 1860-இல் க்ளெமென்ட்ஸ் மார்க்கம் பெரு நாட்டு மலைகளில் அலைந்து கன்றுகள் சேகரித்து, கண்ணாடிப் பெட்டிகளில் அனுப்பினார். இங்கிலாந்து சுற்றி, எகிப்து கடந்து, செங்கடல் வழியாகப் பயணம். உப்புக் காற்றைத் தடுத்த கண்ணாடியால் செங்கடலின் வெப்பத்தைத் தடுக்க முடியவில்லை. மலைக்குளிரில் பிறந்த கன்றுகள் பெட்டிக்குள் வெந்தன. உதகைக்கு வந்து சேர்ந்தவையும் பிழைக்கவில்லை. ஈக்வடாரில் ஸ்ப்ரூஸ் சேகரித்த செம்பட்டைக் கன்றுகள், ராபர்ட் க்ராஸ் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதனால், 1861-இல் உயிரோடு வந்து சேர்ந்தன. மக்ஐவரின் கையில் அவை நீலகிரியில் வேரூன்றின. பெட்டி அதே பெட்டிதான்.  அந்த வெற்றியில் எத்தனை உயிர்கள் அடங்கியிருந்தன!

கடைசியாக, கண்ணாடி வீடுகளின் சக்கரவர்த்தியையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் சாட்ஸ்வர்த் என்ற இடத்தில் டெவன்ஷயர் பிரபுவுக்காக ஜோசப் பாக்ஸ்டன் 1836-இல் கட்டத் தொடங்கிய வெப்ப மாளிகை 277 அடி நீளம். எட்டுக் கொதிகலன்கள், ஏழு மைல் நீளக் குழாய்கள், கரி கொண்டுவரச் சுரங்கப் பாதை. 1843-இல் விக்டோரியா ராணி அதற்குள் வண்டியிலேயே போய்ப் பார்த்தார். பாக்ஸ்டன் சூட்டை மட்டும் நம்பிய ஆளல்ல. 1849-இல் அமேஸான் ராட்சத அல்லியின் கன்று ஒன்றை க்யூ தோட்டத்திலிருந்து வாங்கிவந்து, அதற்கென அமைத்த தொட்டியின் நீரை இளஞ்சூடாக வைத்து, சிறு சக்கரங்களால் அலைத்துக்கொண்டே இருந்தார். கன்று கொடுத்த க்யூவில் பூப்பதற்கு முன்பே, அந்த நவம்பரில் இவரிடம் பூத்தது.

ஆனால் 1914-இல் மூண்ட மகாயுத்தத்தில் கரி கிடைக்கவில்லை. கொதிகலன்கள் அணைந்தன, உள்ளே இருந்த செடிகள் செத்தன. 1920-இல் மாளிகையையே வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

காட்டுச் செடிக்கு மழை இருக்கிறது, காற்று இருக்கிறது. தப்புச் செய்தால் திருத்திக்கொள்ள ஆழமான மண் இருக்கிறது. தொட்டிச் செடிக்கு நம்மைத் தவிர யாரும் இல்லை. கொண்டுவந்து அடைத்துவிட்டால், அதன் வானமும் பூமியும் நாமேதான்.

பெரியவர் சொன்னபடி செய்தேன். கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். துளையில் வடிய வடியப் பல குடம் நீர் ஊற்றி, தங்கிய உப்பைக் கழுவினேன். உரப் பையைக் கட்டி மேலே வைத்துவிட்டேன். மூன்று வாரம் துளசி எதுவும் சொல்லவில்லை. நாலாவது வாரம், கருகின கொம்பின் கணுவில், கடுகளவு ஒரு தளிர் தெரிந்தது. அதைக் கண்டதும் என் கை என்னையறியாமல் உரப் பையைத் தேடிற்று. நல்ல வேளையாக, கட்டின முடிச்சு இறுகியிருந்தது.