தென்கோடித் தமிழகத்தின் வீட்டுச் சபைகள்

தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் ‘கோயில்’, ‘சபை’ என்னும் இரு சொற்களும் வெவ்வேறு பொருள் தருவன. கோயில் என்பது கட்டடம். சபை என்பது அதில் கூடும் மக்கள். கோயில் கட்டப்படும், சபை கூடும். இவ்வேறுபாடு கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்திலேயே வேர்கொண்டதாகும். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியர் வீட்டில் கூடிய சபையாருக்குப் பவுல் அடியார் தம் கடிதத்தில் வாழ்த்துக் கூறுகின்றார். முதல் மூன்று நூற்றாண்டுகளில் அடியார்கள் பெரும்பாலும் வீடுகளிலேயே கூடினர். சிரியா நாட்டுத் தூரா யூரோப்போஸ் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, வழிபாட்டுக்கென மாற்றியமைக்கப்பட்ட 3ஆம் நூற்றாண்டு வீடு இதற்குச் சான்றாகும்.

தமிழகத்தின் தென்கோடியிலும் முறை இதுவே. இங்கும் சபை முந்தியது; கோயில் பிந்தியது. ஆனால், எழுதப்பட்ட வரலாறுகள் ஐரோப்பிய ஊழியர் இன்ன ஆண்டில் வந்தார், இன்ன கோயிலைக் கட்டினார் என்னும் வரிசையிலேயே அமைந்துள்ளன. அவர்கள் வருமுன்னும், வாராதபோதும், வந்து சென்றபின்னும் விளக்கு அணையாமல் காத்தவர் யார் என்னும் வினா அவற்றில் ஓரமாகவே நிற்கின்றது.

பாளையங்கோட்டையில் ஒரு வாசிப்பு

1771ஆம் ஆண்டின் குறிப்பொன்றில் ஸ்வார்ட்ஸ் ஐயர் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். திருச்சிராப்பள்ளிச் சபையைச் சேர்ந்த சவரிமுத்து என்பவர் பாளையங்கோட்டையில் தங்கி, அங்குள்ளோர்க்குப் புதிய ஏற்பாட்டை வாசித்துக் காட்டி வந்தார். அவரிடம் கேட்டறிந்த கணக்கர் இளைஞர் ஒருவருக்கு ஆங்கிலேயப் படையின் சார்ஜெண்டு ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். போதிய போதனையின்றி நடந்த இச்செயல் ஸ்வார்ட்ஸுக்கு உவப்பாக இல்லை. எனினும், குருவும் கோயிலும் இல்லாத ஓர் ஊரில், ஒரு நூலும் அதனை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தமையே சபையின் தொடக்கமாயிற்று என்பதை அவர் குறிப்பே மெய்ப்பிக்கின்றது.

அடுத்து வந்தவர் குளோரிந்தா அம்மையார். தஞ்சையிலிருந்து வந்த இப்பிராமணக் கைம்பெண், லிட்டில்டன் என்னும் ஆங்கிலேய அதிகாரியுடன் வாழ்ந்து வந்தார். மணமின்றி வாழ்ந்தமையால் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஸ்வார்ட்ஸ் மறுத்தார். அதிகாரி இறந்தபின், 1778ஆம் ஆண்டில் அது நிறைவேறிற்று. சொந்தக் குலம் விலக்கியவரும், சபையின் வாசலில் காத்திருக்க வைக்கப்பட்டவருமான இப்பெண்ணே அந்நகர்ச் சபையின் நடுத்தூணானார். 1780ஆம் ஆண்டின் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் காணப்படுகின்றன. அவர்கள் ஒரு சாதியினர் அல்லர், பல சாதியினர். ஓர் உபதேசியாரை அனுப்புமாறு கேட்டுத் தஞ்சைக்குச் சென்றவரும் அவரே. அதன் பயனாக வந்த சத்தியநாதன் 1790இல் குருப்பட்டம் பெற்றார். 1785இல் எழுந்த கோயிலை மக்கள் இன்றும் ‘பாப்பாத்தியம்மாள் கோயில்’ என வழங்குவர். அ. மாதவையா 1915இல் அவர் பெயரையே தலைப்பாக்கி ஆங்கில நாவல் ஒன்றும் எழுதினார்.

மயிலாடியின் யாத்திரிகர்

திருவிதாங்கூர்ச் சீமையின் மயிலாடியில் நிகழ்ந்தது இதனினும் வியப்புக்குரியது. ஒடுக்கப்பட்ட சாம்பவர் குலத்தில் பிறந்த மகாராசன் என்பவர், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். தில்லையில் மனம் அமைதி பெறாது திரும்பும் வழியில், தஞ்சையில் உறவினரைக் காணச் சென்றவர் அங்கிருந்த சபையாரைச் சந்தித்தார். வேதமாணிக்கம் என்னும் பெயருடன் ஊர் திரும்பினார். தம் உற்றாரைக் கூட்டி, தாம் அறிந்ததை அறிவித்தார். எதிர்ப்பு எழுந்தது. ஆயினும், சிறு கூட்டம் ஒன்று உருவாயிற்று. அக்கூட்டத்திற்கு ஒரு குரு வேண்டும் எனக் கேட்டவரும் அவரே.

அவ்வழைப்பை ஏற்ற ரிங்கல்தௌபே ஐயர் 1806இல் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. 1816இல் உடல் நலிவால் அவர் நாட்டை விட்டு நீங்கியபோது, பணிப் பொறுப்பை வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்துச் சென்றார். அடுத்த ஐரோப்பிய ஊழியர் வரும்வரை அச்சபைகளை அவரே நடத்தினார். தெய்வத்தின் சந்நிதியைத் தொலைவிலிருந்து மட்டுமே வணங்க விடப்பட்ட குலத்தார் ஒருவர், பல ஊர்களின் வழிபாட்டுக்குத் தலைமை தாங்கினார். தென் திருவிதாங்கூரின் சமூக வரலாற்றில் இது சிறு நிகழ்ச்சி அன்று.

முதலூரும் ஓலைக் கூடங்களும்

திருநெல்வேலியின் தெற்குப் பகுதியில், பனைத்தொழில் செய்த நாடார் மக்களிடையே செய்தியைக் கொண்டு சென்றவர் அம்மக்களுள் ஒருவரான சுந்தரானந்தம் தாவீது ஆவார். 1797இல் சண்முகபுரத்துக் குடும்பங்கள் சத்தியநாதனிடம் ஞானஸ்நானம் பெற்றன. துன்புறுத்தல் மிகவே, இடம்பெயர்ந்தோர் குடியேற 1799இல் ஒரு நிலம் வாங்கப்பட்டது. முதன்முதல் எழுந்த கிறிஸ்தவக் குடியிருப்பாதலின் அது ‘முதலூர்’ எனப் பெயர் பெற்றது.

அக்காலத்து வழிபாட்டிடங்கள் பெரும்பாலும் மண்சுவரும் பனையோலைக் கூரையும் கொண்ட எளிய கூடங்கள். பல ஊர்களில் பள்ளியும் அதுவே, செபக்கூடமும் அதுவே. பகலில் பிள்ளைகள் மணலில் எழுத்துப் பயின்ற இடத்தில் மாலையில் பெரியோர் கூடினர். எழுத்து மறுக்கப்பட்டிருந்த குடிகளுக்குத் தமிழ் நூலொன்று கையில் கிட்டியது இக்கூரைகளின் கீழேதான் என்பதை இலக்கிய வரலாறு எழுதுவோரும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

1802இல் ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தனர். ஆனால், அடுத்த ஆண்டுகளில் அவர்களைப் பேணுவதற்கு நிலையாகத் தங்கிய ஐரோப்பிய ஊழியர் பெரும்பாலும் இல்லை. பஞ்சமும் நோயும் நெருக்கின. பலர் பழைய வழிபாட்டுக்கு மீண்டனர். எனினும், 1816இல் படைக்குருவாக வந்த ஹஃப் ஐயர், அறுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 3,000 கிறிஸ்தவர் எஞ்சியிருக்கக் கண்டார். அவர்களைக் காத்தோர் நாட்டுக் குருமாரும், சொற்ப ஊதியம் பெற்ற உபதேசியாருமே. 1820இல் வந்த ரேனியஸ் ஐயரின் புகழ்பெற்ற பணி இவ்வடித்தளத்தின்மேல் எழுந்ததாகும். விரட்டப்பட்டோர்க்கு நிலம் வாங்க 1830இல் அவர் தோற்றுவித்த தர்ம சங்கம் முதலூர் காட்டிய வழியையே விரித்தது.

சாதியும் சபையும்

இவ்வரலாற்றைப் புகழ்மாலையாக மட்டும் தொடுத்தல் நேர்மை ஆகாது. 1780ஆம் ஆண்டுப் பதிவேட்டில் பல சாதியார் ஒருங்கே நின்றனர். பின்னர் எழுந்த சிற்றூர்ச் சபைகளோ பெரிதும் ஒரே குலத்தார் சபைகளாயின. உறவின் வழியாகச் செய்தி விரைந்து பரவிற்று; அவ்வுறவின் எல்லையிலேயே நின்றும் போயிற்று. வீட்டுச் சபையின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில் பிறந்தன.

1857இல் நாசரேத்துக்கு அருகில் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை நிறுவிய தனிச் சபையும் இங்கு எண்ணத்தக்கது. நாடார் மக்களைக் குறித்துக் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட நூல் அவர்தம் தன்மானத்தைப் புண்படுத்தியிருந்தது. அயலார் பொருளும் அதிகாரமும் வேண்டாது, சனிக்கிழமை ஓய்வுநாளும் தூபமுமாகத் தமக்கென ஒரு வழிபாட்டு முறையை இச்சபையார் வகுத்துக்கொண்டனர். இந்தியாவில் ஐரோப்பியர் ஆளுகையை விலக்கி எழுந்த தொடக்கக் காலச் சபைகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், இதுவும் பெரிதும் ஒரு குலத்தார் சபையாகவே நின்றது.

பெற்றவர் கொடுத்தவராயினர்

1903 பெப்ரவரி 12ஆம் நாள் பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா இதன் தோற்றத்தில் முன்னின்றார். ஆட்கள், பணம், நிர்வாகம் ஆகிய மூன்றும் இந்தியருடையனவாகவே இருத்தல் வேண்டும் என்பது கொள்கை. நைசாம் ஆட்சிப் பகுதியின் தோர்ணக்கல் பணிக்களமாயிற்று. தெலுங்கு கற்று அங்குச் சென்ற அசரியா, 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

திருநெல்வேலிச் சிற்றூர்ப் பெண்கள் உலையிலிடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் சேர்த்துக் காணிக்கையாக்கும் வழக்கம் உடையவர்கள். பனையேறிகளின் வீட்டு அடுப்படியில் சேர்ந்த அப்பிடியரிசி, செல்வர் நன்கொடைக்கு இணையாக நின்று இத்தகைய பணிகளைத் தாங்கிற்று. ஒரு நூற்றாண்டுக்குமுன் உபதேசியாரை வேண்டித் தஞ்சைக்கு ஆள் சென்ற நாடு, மொழி தெரியாத அயல்நாட்டுக்குத் தன் மக்களை அனுப்பும் நிலையை எய்தியது.

கோபுரங்கள் தம்மைக் கட்டியோர் பெயரைக் கல்லில் தாங்கி நிற்கின்றன. சவரிமுத்துவின் வாசிப்பும், பெயர் அறியப்படாத உபதேசியாரின் நடையும், கலயத்தில் அரிசியிட்ட கைகளும் கல்வெட்டில் இல்லை. அவை சிற்றூர்ச் சபைகளின் பழம் பதிவேடுகளிலும் முதியோர் நினைவிலுமே எஞ்சியுள்ளன. ஏடுகளைக் கறையான் அரிக்கின்றது. முதியோர் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். அவற்றைத் தேடித் தொகுத்தல் திருச்சபையின் கடன் மட்டும் அன்று. எளியோர் வரலாற்றையும் தமிழ் வரலாறென ஏற்கும் இலக்கிய அமைப்புகள் அனைத்தின் கடனும் ஆகும்.