தூக்கியெறிந்த டின்னில் ஒரு அடுப்பு

மலருக்குக் கட்டுரை கேட்டு போன் வந்தபோதே, "ஹாஸ்டல் நினைவுகள் மட்டும் வேண்டாம்ப்பா, அது நிறைய வந்தாச்சு. வேற ஏதாவது உபயோகமா எழுது" என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். உபயோகமா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் எழுதப் போவது ஓர் அடுப்பின் சரித்திரம். குடித்துவிட்டுத் தூக்கியெறிந்த கூல்டிரிங்ஸ் டின் இரண்டை வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைக்கிற அடுப்பு. எடை 15 கிராம்கூட வராது. அமெரிக்காவில் மாதக்கணக்காக மலைப்பாதைகளில் நடக்கிறவர்கள் மத்தியில் 1990-களில் பிரபலமானது.

"அட, சின்னப் பிள்ளைகள் சொப்பு விளையாட்டு மாதிரி இருக்கே" என்று மெக்கானிக்கல் சீனியர்கள் சிரிக்கக்கூடும். கொஞ்சம் பொறுங்கள் சார். உள்ளே இருக்கிற தொழில்நுட்பம் நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1904-லேயே நியூயார்க்கைச் சேர்ந்த ஹைன்ரிக்ஸ் என்ற செம்புக் கொல்லர் இதே மாதிரி ஒரு பர்னருக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

தத்துவம் இதுதான். அடுப்புக்கு இரட்டைச் சுவர். நடுவில் திறந்த கிண்ணம். உள்சுவரின் அடியில் சின்னச் சின்ன வெட்டுகள். அதன் வழியாக ஸ்பிரிட் இரண்டு சுவர்களுக்கும் இடையிலுள்ள சந்துக்குப் போய்ச் சேரும். மேல் விளிம்பைச் சுற்றி ஊசித் துளைகள். நடுக் கிண்ணத்தில் பற்றவைத்தால் முதலில் சோம்பேறித்தனமாக ஒரு சுவாலை எரியும். அந்தச் சூட்டில் சுவர் சூடாகி, சந்திலிருக்கும் ஸ்பிரிட் கொதிக்கும். எத்தனால் 78 டிகிரியிலும் மெத்தனால் 65 டிகிரியிலும் கொதித்துவிடும் என்பதால் அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் ஆவி துளைகள் வழியே பீறிட்டு, பூ மலர்ந்த மாதிரி வட்டமாக எரிய ஆரம்பிக்கும். பம்ப் கிடையாது, வாஷர் கிடையாது, நாசில் அடைப்பு எடுக்கிற பின் கிடையாது. எரிபொருளே தன்னைத் தானே ஆவியாக்கிக்கொள்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. பெட்ரோமாக்ஸ் விளக்கையும் பம்ப் ஸ்டவ்வையும் ஏற்றுவதற்கு முன்னால் சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி எரித்துச் சூடாக்குவார்களே, அந்தச் சில்லறை வேலையைச் செய்த ஸ்பிரிட்தான் இங்கே கதாநாயகன்.

இவ்வளவு சுலபமான அடுப்பு அன்றைக்கே உலகமெல்லாம் பரவியிருக்க வேண்டாமா? பரவாததற்குக் காரணம் இன்ஜினீயரிங் இல்லை, வரி! அமெரிக்க உள்நாட்டுப் போரின் செலவுக்காக 1862-ல் சாராயத்தின் மேல் வரி போட்டார்கள். அது ஏறி ஏறி ஒரு காலனுக்கு 2 டாலரைத் தாண்டியது. குடிக்கிற சாராயம், எரிக்கிற சாராயம் என்று வித்தியாசம் பார்க்கவில்லை. அதுவரை விளக்குக்கும் அடுப்புக்கும் ஸ்பிரிட் எரித்தவர்கள் மண்ணெண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். குடிக்க முடியாதபடி கலப்படம் செய்த ஸ்பிரிட்டுக்கு வரி இல்லை என்று அமெரிக்கா சட்டம் கொண்டுவந்தது 1906-ல்தான். பிரிட்டன் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது. மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 1855-லேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஓர் அடுப்பு ஜெயிப்பதும் தோற்பதும் சில சமயம் பட்ஜெட் உரையில் தீர்மானமாகிறது!

அமெரிக்கா மறந்துபோனதை ஸ்வீடன்காரர்கள் மறக்கவில்லை. அங்கே 1925-ல் ஆரம்பிக்கப்பட்ட டிராங்கியா கம்பெனி, 1951-ல் காற்றுத் தடுப்பு, பாத்திரம், பர்னர் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற ஒரு செட்டைக் கொண்டுவந்தது. இன்றும் விற்கிறது. அதன் பித்தளைப் பர்னரும் அதே இரட்டைச் சுவர்தான். சும்மா சொல்லக்கூடாது, அருமையான வேலைப்பாடு; ஒரு தலைமுறைக்கு உழைக்கும். ஆனால் பர்னர் மட்டும் 110 கிராம்.

பித்தளையிலிருந்து குப்பை டின்னுக்கு வருவதற்கு முன்னால் ஒரு கிளைக்கதை. டின்னில் அடுப்பு செய்வது சமாதான காலப் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் படைக்கு பெட்ரோல் வந்தது 4 காலன் தகர டின்களில், அதாவது நம் ஊர் மண்ணெண்ணெய் டின் கொள்ளளவுதான், 18 லிட்டர். படுமோசமான டின். லாரியில் குலுங்கினாலே ஒழுகும். சிப்பாய்கள் அதை வெட்டி, பாதியில் மணலை நிரப்பி, பெட்ரோலை ஊற்றிக் கிளறிப் பற்றவைத்து டீ போட்டார்கள். 'பென்காசி பர்னர்' என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. அந்தப் பாலைவனத்தில் போரிட்ட 4-ஆம் இந்திய டிவிஷனில் நம் மதராஸ் சாப்பர்ஸ் கம்பெனி ஒன்றும் இருந்தது. அவர்களும் அந்த டீயைக் குடித்திருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொள்வதுண்டு.

இப்போது முக்கியமான பாத்திரம் மேடைக்கு வருகிறது: அலுமினிய டின். 1959-ல் அமெரிக்காவின் கூர்ஸ் பீர் கம்பெனி, அடியும் உடலும் ஒரே துண்டாக, மூடி மட்டும் தனியாக இருக்கிற அலுமினிய டின்னைக் கொண்டுவந்தது. காலி டின்னைத் திருப்பிக் கொடுத்தால் ஒரு சென்ட் தருவதாகவும் அறிவித்தார்கள். வட்டத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, பிறகு வளையங்கள் வழியாக இழுத்து இழுத்துச் சுவரை மெலிதாக்குவதுதான் இப்போதைய முறை. இன்றைய 355 மில்லி டின்னின் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர்தான், காலி டின்னின் எடை சுமார் 13 கிராம். இவ்வளவு மெல்லிசான டின் உள்ளே கேஸ் அழுத்தத்தைத் தாங்க வேண்டுமென்பதற்காக அடிப்பாகத்தை உள்பக்கமாகக் குவித்திருப்பார்கள். டின்னைத் தலைகீழாகப் பாருங்கள்: நடுவில் பள்ளம், சுற்றிலும் ஒரு வரப்பு. அடுப்புக்கு வேண்டிய கிண்ணமும், துளை போட விளிம்பும் தயார்! பாட்டிலிங் கம்பெனி இன்ஜினீயர்கள் தங்களுக்கே தெரியாமல் ஓர் அடுப்பை வடிவமைத்துவிட்டார்கள்.

"அலுமினியம் உருகிடாதா?" என்று கேட்பீர்கள். அலுமினியம் உருக 660 டிகிரி வேண்டும். உள்ளே திரவ ஸ்பிரிட் இருக்கிற வரை அது தொடுகிற சுவர் 78 டிகிரிக்கு மேல் பெரிதாக ஏறாது. பேப்பர் கப்பில் தண்ணீர் கொதிக்க வைக்கிற அதே வித்தை.

கிழக்கு அமெரிக்காவில் ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை சுமார் 3,500 கிலோமீட்டர் ஓடுகிறது அப்பலாச்சியன் மலைப்பாதை. 1937-ல் முழுமையானது. 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, வீட்டில் தைத்த துணிப்பையைத் தோளில் போட்டு, கேன்வாஸ் ஷூவோடு முழுப் பாதையையும் தனியாக நடந்து முடித்தார். ஆனாலும் மற்றவர்கள் வருடக்கணக்கில் இருபது, இருபத்தைந்து கிலோ மூட்டையைச் சுமந்துகொண்டேதான் இருந்தார்கள். 1992-ல் ரே ஜார்டின் எழுதிய நடைப்பயணக் கையேடு அந்தப் பழக்கத்தை அசைத்துப் பார்த்தது. இவர் விண்வெளித் துறையில் இன்ஜினீயராக இருந்தவர், நம்ம ஆள்! ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்க்கிற கூட்டம் உருவானது. பூனை உணவு டின், பெப்சி டின் என்று ஆளுக்கொரு அடுப்பு வெட்ட ஆரம்பித்தார்கள். யாரும் காப்புரிமை கேட்கவில்லை; பார்த்தவர் செய்தார், செய்தவர் அடுத்தவருக்குச் சொன்னார்.

எரிபொருள் எங்கே? பெட்ரோல் பங்க்கில்! குளிர் காலத்தில் கார் டேங்க்கில் ஊற்றுகிற 'ஹீட்' என்ற மஞ்சள் பாட்டில் மெத்தனால்தான். பாதையோரச் சின்ன ஊர்களிலும் கிடைக்கும். இந்த ஒரு வசதி இல்லையென்றால் டின் அடுப்பு ஒரு வேடிக்கையாகவே நின்றுபோயிருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். அரை லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 157 கிலோஜூல் வேண்டும். 20 மில்லி எத்தனாலில் ஏறக்குறைய 430 கிலோஜூல் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகப் பாத்திரத்துக்குப் போனாலே டீ ரெடி. ஆனால் கிராமுக்குக் கிராம் மண்ணெண்ணெயில் 43 கிலோஜூல், எத்தனாலில் 27, மெத்தனாலில் 20தான். நாலைந்து நாளுக்கு ஒரு கடை வந்தால் டின் அடுப்பு லாபம். இரண்டு வாரம் கடையே இல்லாத வனாந்தரத்தில் அடுப்பில் மிச்சம் பிடித்த எடை எரிபொருளில் போய்விடும்.

எடை குறைந்தது எதனால்? வால்வை எடுத்துவிட்டதால். கேஸ் அடுப்பில் திருகை மூடினால் அணைந்துவிடும். டின் அடுப்பில் ஊற்றியது எரிந்து தீரும்வரை எரியும். தட்டி விழுந்தால் எரிகிற திரவம் தரையெல்லாம் ஓடும். பட்டப்பகலில் அந்தச் சுவாலை கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றினால் நெருப்பு பாட்டிலுக்கே தாவும். 2012 மே மாதம் கொலராடோவில், ஃபோர்ட் காலின்ஸ் நகருக்கு அருகே ஹியூலட் கல்ச் என்ற இடத்தில் முகாமிட்டிருந்த ஒருவரின் ஸ்பிரிட் அடுப்பிலிருந்து காய்ந்த புல்லில் தீ பிடித்தது. 7,600 ஏக்கருக்கு மேல் எரிந்தது. ஒரு கப் காபிக்கான நெருப்பு! வறட்சிக் காலத்தில் மேற்கு அமெரிக்காவின் பல தேசிய வனங்களில், அணைக்கும் வால்வு உள்ள அடுப்புக்கு மட்டுமே அனுமதி. அங்கே டின் அடுப்பைப் பையிலிருந்து எடுக்கவே முடியாது.

நம் ஊரிலும் இந்த அடுப்புக்கு வழி குறுகல்தான். தமிழ்நாட்டில் டீநேச்சர்ட் ஸ்பிரிட்டும் மெத்தனாலும் 1959-ஆம் வருட விதிகளின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. வேடிக்கை, அலுமினிய டின் வந்த அதே வருடம்! கெடுபிடி ஏன் என்று கேட்பவர்கள் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டதை நினைத்துப் பார்க்கட்டும். டிரெக்கிங் போகிற தம்பி தங்கைகளுக்கு: காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துப் போங்கள்.

உள்ளமைப்பைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இரண்டு காலி டின்னை வெட்டி, செருகி, ஸ்பிரிட்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். நடுவில் ஊற்றிய தண்ணீர் சுவருக்குள் ஏறி நிற்பது தெரியும். வெட்டிய விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.