கெடிலக்கரைக் கல்வெட்டு பிறந்த கதை

கெடிலம் பெரிய ஆறு அல்ல. கள்ளக்குறிச்சிச் சீமையில் பிறந்து கடலூரில் கடலோடு கலந்துவிடும்; ஆண்டில் பல மாதம் மணல்தான் கண்ணில் படும். ஆனாலும் அதன் கரையிலுள்ள ஊர்களை மேலிருந்து கீழாகச் சொல்லிக்கொண்டு போனால் பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஒரு போர் முழுதும் வந்துவிடும். மேலே சேந்தமங்கலம். அப்புறம் பண்ருட்டியை ஒட்டிய திருவதிகை. அதற்கும் கீழே திருவந்திபுரம். கடலுக்குப் பக்கத்தில் திருப்பாதிரிப்புலியூர். மேலே உள்ள ஊரில் ஒரு சோழச் சக்கரவர்த்தி சிறையிருந்தான். அந்தச் சிறையின் கதையைக் கீழே உள்ள திருவந்திபுரத்துப் பெருமாள் கோயிலில் கல்லில் வெட்டி வைத்தார்கள்.

முகூர்த்த நாளில் திருவந்திபுரம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு கல்யாணக் கூட்டம் இறங்குவதற்குள் அடுத்த கூட்டம் ஏறும். தேவநாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, எதிரே ஔஷதகிரியில் ஹயக்ரீவரையும் பார்த்துவிட்டுப் போகிறவர்களில் கல்வெட்டைத் தேடுகிறவர் எவரும் இருக்க மாட்டார். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஜெர்மானியரான ஹூல்ச் இதைப் படித்து, கிட்டத்தட்ட 120 ஆண்டுகளுக்கு முன் ‘எபிகிராபியா இண்டிகா’வின் ஏழாம் தொகுதியில் பதிப்பித்தார். சோழர் கதையின் கடைசி அத்தியாயத்தை எழுதுகிற யாரும் அதற்குப் பிறகு இந்தக் கல்வெட்டைத் தாண்டிப் போக முடியவில்லை.

கல்வெட்டின் காலம் சிறையிருந்த சோழன் மூன்றாம் இராசராசனின் பதினாறாம் ஆட்சியாண்டு, அதாவது 1231-32. வழக்கமான கல்வெட்டு என்றால் அரசன் பெயர், ஆண்டு, நிலம், எல்லை, விளக்குக்கு இத்தனை ஆடு என்று போகும். பெரிய அரசர்களுக்கு முன்னால் ஒரு மெய்க்கீர்த்தியும் அடுக்கு மொழியில் நிற்கும். இதில் அந்த அலங்காரம் எதுவும் இல்லை. போருக்குப் போய்த் திரும்பிய ஒருவன் எங்கே தங்கினோம், எதை எரித்தோம், யாரைக் கொன்றோம், என்ன கொண்டுவந்தோம் என்று மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்த அறிக்கை போலிருக்கிறது. எழுத்தும் மொழியும் தமிழ். எழுதச் சொன்னவர்கள் கன்னட நாட்டிலிருந்து வந்த இரண்டு தண்டநாயகர்கள். பெயர் அப்பண்ணன், சமுத்திர கோப்பய்யன். அவர்களுடைய எஜமானன் போசள மன்னன் இரண்டாம் நரசிம்மன்.

இந்தக் கல்வெட்டு பிறக்கக் காரணமாக இருந்தவன் பெயரும் அதிலேயே இருக்கிறது: கோப்பெருஞ்சிங்கன்.

அவன் காடவராயர் குலத்தவன். காடவராயர்கள் கூடல் பகுதிக்காரர்கள், திருமுனைப்பாடி நாட்டைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தவர்கள். தங்களைப் பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டார்கள். சோழனுக்குப் படை கொடுத்தார்கள், பதவி வாங்கினார்கள், சோழன் கை ஓங்கியிருந்த வரைக்கும் அடங்கித்தான் இருந்தார்கள். மூன்றாம் குலோத்துங்கனின் கடைசி நாட்களில் அந்தக் கை தளர்ந்தது. 1216-ல் மதுரையில் பட்டத்துக்கு வந்த முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டுக்குள் புகுந்து தஞ்சையையும் உறந்தையையும் எரித்தான். சோழனின் ஊரிலேயே வீராபிஷேகம் செய்துகொண்டான். அதற்குப் பிறகு நாட்டைச் சோழனுக்கே திருப்பிக் கொடுத்தான். தானாகக் கொடுத்ததாகத்தான் பாண்டியன் கல்வெட்டுகள் பெருமை பேசும். போசளர் படை காவிரிப் பக்கம் வந்து நின்றதும் ஒரு காரணம். அந்த வருகைக்காகத்தான் போசளர்கள் ‘சோழராஜ்யப் பிரதிஷ்டாச்சாரியன்’ என்ற பட்டத்தைச் சூடிக்கொண்டார்கள். சோழராஜ்யத்தை நிலைநிறுத்தியவன் என்று பொருள். இன்னொருவன் வந்து நிலைநிறுத்தும் அளவுக்கு ஒரு ராஜ்யம் போய்விட்டது என்பதை அந்தப் பட்டமே பறைசாற்றுகிறது.

கோப்பெருஞ்சிங்கன் இருந்த இடத்திலிருந்து பார்த்தால் ஆபத்து சோழனிடமிருந்து வரவில்லை. சோழன் சாய்ந்துகொண்டிருந்த சுவர். அந்தச் சுவருக்கு முட்டுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு போசளன் ஒவ்வொரு முறையும் படையோடு மலையிலிருந்து இறங்கி வந்தான். வந்தபின் திரும்பிப் போக மனம் வருமா? காவிரிக்கரையில் அவன் ஊன்றிக்கொண்டால் அடுத்தபடி தன் நாடுதான் என்பதைக் காடவன் கணக்குப் போட்டிருக்க வேண்டும். போசளன் நுழைய வழியாக இருந்தது சோழனுடைய பெயர். காடவன் அந்தப் பெயரையே பிடித்து உள்ளே வைத்துவிட்டான். இது என் ஊகம்தான், ஆனால் நடந்தவை எல்லாம் இதற்குப் பொருந்திவருகின்றன.

பிடித்த விதம் இப்படி. மூன்றாம் இராசராசன் பாண்டியனோடு மறுபடி முட்டிக்கொண்டு தோற்றான். வடக்கே, போசளர் பக்கம் தப்பிப் போகும் வழியில் காடவன் மறித்துக்கொண்டான் என்கிறது போசள அவைப் புலவர் வடமொழியில் எழுதிய ‘கத்யகர்ணாமிர்தம்’. காடவன் தரப்பும் சும்மா இருக்கவில்லை. வந்தவாசிப் பக்கத்து வயலூரில் உள்ள பாட்டுக் கல்வெட்டு, தெள்ளாற்றில் சோழனை வென்று, அரச சின்னங்களைப் பறித்து, அவனைச் சிறையிலிட்டு, நாட்டையும் கொண்டதாகப் பாடுகிறது. தெள்ளாறு சாதாரண இடமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வென்று பேர் வாங்கிய களம் அது. பல்லவர் வழி என்று சொல்லிக்கொண்டவனுக்கு அதைவிடப் பொருத்தமான போர்க்களம் கிடைக்காது. சோழர்கள் திரிபுவனச் சக்கரவர்த்திகள், மூன்று உலகத்துக்கும் அரசர்கள். கோப்பெருஞ்சிங்கன் தன்னைச் ‘சகலபுவனச் சக்கரவர்த்தி’ என்று போட்டுக்கொண்டான். உலகங்கள் எத்தனை உண்டோ அத்தனைக்கும்.

செய்தி துவாரசமுத்திரத்துக்கு, இன்றைய ஹளேபீட்டுக்குப் போனது. சோழனைக் காடவன் சேந்தமங்கலத்தில் பிடித்துவைத்திருக்கிறான், நாட்டை அழிக்கிறான், கோயில்களும் விஷ்ணு ஸ்தானங்களும் பாழாகின்றன என்று நரசிம்மன் கேள்விப்பட்டதாகக் கல்வெட்டு தொடங்குகிறது. சோழமண்டலத்தை நிலைநிறுத்தியவன் என்ற புகழை நிலைநாட்டாமல் காளம் ஊதுவதில்லை என்று அவன் சபதம் செய்தானாம். வழியில் மகர ராஜ்யத்தை வேரோடு பிடுங்கி, அதன் அரசனையும் பெண்டிரையும் பண்டாரத்தையும் கைக்கொண்டு, திருவரங்கத்துக்கு அருகே பாச்சூரில் வந்து பாளையம் இறங்கினான். தான் பாண்டியனைக் காவிரிப் பக்கம் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டு, காடவனை அழித்துச் சோழனை மீட்கும் வேலையை இரண்டு தண்டநாயகர்களிடம் கொடுத்தான்.

இதிலிருந்து கல்வெட்டு ஊர் ஊராகப் போகிறது. கோப்பெருஞ்சிங்கன் இருந்த எள்ளேரி, கள்ளியூர்மூலை. சோழகோன் இருந்த தொழுதகையூர். இந்தச் சோழகோனைத் தில்லைக் கல்வெட்டுகளில் அடிக்கடி சந்திக்கலாம். காடவனின் வலக்கை போன்ற அதிகாரி, நடராசர் கோயிலுக்கு நந்தவனமும் திருப்பணியுமாகச் செய்தவன். கொல்லப்பட்ட முதலிகள் நான்கு பேர் என்று சொல்லும் இடத்தில் ஈழத்து அரசன் பராக்கிரமபாகு என்று ஒரு பெயர் வருகிறது. தம்பதெனியாவில் ஆண்ட பெரிய பராக்கிரமபாகு இவனல்ல; அவன் பட்டத்துக்கு வந்ததே 1236-ல், அதற்குப் பின் பல்லாண்டு வாழ்ந்தான். கலிங்க மாகனின் பிடியில் ஈழம் கலங்கிக் கிடந்த காலம் அது. அந்தப் பெயரோடு ஒரு ஈழத்துக்காரன் கெடிலக்கரைப் படையில் வந்து சேர்ந்து உயிரை விட்டிருக்கிறான். காடவன் தனியாளாக நிற்கவில்லை, தூரதேசத்துக்காரர்களும் அவன் பக்கம் இருந்தார்கள் என்பதற்கு எதிரியே எழுதிக்கொடுத்த சாட்சி இது.

குதிரைகளைக் கைப்பற்றிக்கொண்டு தண்டநாயகர்கள் பொன்னம்பலத்துக்குப் போய்க் கும்பிட்டார்கள். கும்பிட்ட கையோடு மறுபடி கிளம்பினார்கள். திருப்பாதிரிப்புலியூரில் தங்கி, திருவதிகை, திருவக்கரை முதலான ஊர்களை அழித்தார்கள். சேந்தமங்கலத்துக்குக் கிழக்கே கடல்வரை ஊர்களையும் குடியிருப்புகளையும் சுட்டார்கள், மரங்களை வெட்டினார்கள், பெண்களைப் பிடித்தார்கள், கொள்ளையடித்தார்கள். இதெல்லாம் காடவன் சுமத்திய பழி அல்ல. செய்தவர்களே பெருமையாகக் கல்லில் வெட்டிக்கொண்டது. கோயிலை அழித்தான் என்ற குற்றச்சாட்டில் தொடங்கும் கல்வெட்டு, திருவதிகை போன்ற பாடல்பெற்ற தலத்தின் ஊரைத் தாங்கள் அழித்ததைச் சாதனைப் பட்டியலில் சேர்க்கிறது. ஆகவே அந்தக் குற்றச்சாட்டை நான் பாதி மனதோடுதான் படிக்கிறேன். படையெடுக்கிறவனுக்கு ஒரு தர்ம நியாயம் வேண்டியிருக்கிறது. அதையும் பெருமாள் கோயிலில் பொறிக்கும்போது விஷ்ணு ஸ்தானங்கள் நினைவுக்கு வருவது இயல்பு.

ஊர் எரிந்தால் விளைச்சல் போகும், வரி போகும், ஆள் போகும். சேந்தமங்கலத்தின் மேல் படை போகப்போகிற நேரத்தில் கோப்பெருஞ்சிங்கன் குலைந்துபோய், சோழனை விட்டுவிடுகிறேன் என்று போசளனுக்கு விண்ணப்பம் செய்தான். நரசிம்மன் ஒப்புக்கொண்டு ஆளும் அனுப்பினான். தண்டநாயகர்கள் சக்கரவர்த்தியை மரியாதையோடு அழைத்துக்கொண்டு போய் அவன் ராஜ்யத்தில் புகவிட்டார்கள். கதை அங்கே நின்றுவிடுகிறது. சேந்தமங்கலம் விழுந்தது என்று ஒரு சொல் இல்லை. காடவன் பிடிபட்டான், கப்பம் கட்டினான், நாடு பறிபோனது என்று எதுவும் இல்லை. அவ்வளவு எரித்தவர்கள் அதைச் செய்திருந்தால் எழுதாமல் விட்டிருப்பார்களா? படித்து முடித்தால் இது வெற்றிக் கல்வெட்டு மாதிரி தோன்றும். உள்ளே இருப்பது ஒரு பேரம். போசளனுக்குப் பட்டம் உறுதியானது, காடவனுக்கு நாடு மிஞ்சியது.

சோழனுக்கு என்ன கிடைத்தது? கல்வெட்டின் முதல் வரியைப் பாருங்கள். ஆட்சியாண்டு அவனுடையது, காலம் அவன் பெயரில்தான் கணக்கிடப்படுகிறது. அதற்குப் பிறகு வாசகம் முழுவதிலும் அவன் ஒரு காரியமும் செய்வதில்லை. பிடிக்கப்படுகிறான், மீட்கப்படுகிறான், கொண்டுபோய் விடப்படுகிறான். இராசராசன், இராசேந்திரன் காலத்து மெய்க்கீர்த்திகளைப் படித்துவிட்டு இதைப் படிப்பது கொஞ்சம் சங்கடமான அனுபவம்.

பேரத்தில் காடவர்கள் இழந்தது அதிகமில்லை என்பதை அடுத்த ஐம்பது ஆண்டு காட்டிவிட்டது. 1243-லிருந்து ஆட்சியாண்டு கணக்கிட்டவன் சிறைபிடித்தவனின் மகன் என்று கொள்வதுதான் இன்று பெரும்பான்மை வழக்கு. அவனும் கோப்பெருஞ்சிங்கன்தான். வாள்வீரனுக்குரிய ‘கட்கமல்லன்’ என்ற பட்டத்தோடு, நாட்டியம் அறிந்த ‘பரதமல்லன்’ என்றும் பெயர் வைத்துக்கொண்டவன். தில்லைக் கீழைக் கோபுரம் தன் திருப்பணி என்று சொல்லிக்கொண்டான். 108 கரணங்களும் செதுக்கிய கோபுரம் அது. தெற்குக் கோபுரத்துக்குச் செங்கல்பட்டுப் பக்கத்து ஆத்தூர் வருவாயை விட்ட கல்வெட்டில் கோபுரத்தின் பெயரே அவன் பட்டப்பெயரான சொக்கச்சீயன். 1262-ல் ஆந்திரத்தில் திராட்சாராமம் வரை போய்த் தன் புகழை வடமொழியில் பொறித்துவிட்டு வந்திருக்கிறான்.

பாண்டியன் எழுந்தபோது மட்டும் வேறு விதமாக நடந்தது. 1251-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் சடையவர்மன் சுந்தரபாண்டியன் சேந்தமங்கலத்தை முற்றுகையிட்டு, யானையும் குதிரையும் செல்வமும் கொண்டபின் நாட்டைத் திருப்பிக் கொடுத்ததாக அவன் மெய்க்கீர்த்தி சொல்கிறது. போசள சோமேசுவரன் அதே பாண்டியன் கையில் உயிரையே விட்டான். காடவர் 1279 வாக்கில் மறைந்தார்கள். சோழரின் கடைசி அரசன் மூன்றாம் இராசேந்திரனின் பெயரும் அதே ஆண்டோடு நின்றுவிடுகிறது.

அதற்கெல்லாம் முன்பே திருவந்திபுரத்துக்கு ஒரு பதில் எழுதப்பட்டுவிட்டது. அதுவும் கோயிலில்தான், விருத்தாசலத்தில். பெரம்பலூரில் போசளர்களோடு மோதி, அவர்களுடைய தண்டநாயகர்களான கேசவன், அரிகரன் முதலானவர்களைக் கொன்று, அவர்கள் பெண்டிரையும் பண்டாரத்தையும் கைக்கொண்டதாகக் கோப்பெருஞ்சிங்கன் அதில் சொல்கிறான். கொன்ற பாவம் தீர விருத்தகிரீசுவரருக்குத் தன் பட்டப்பெயரில், ‘அவனியாளப்பிறந்தான்’ என்று ஓர் அணிகலன் செய்து சாத்தினான்.