பாரம் தாங்கியது எது?

யாங்கோனில் ஆற்றைக் கடந்து டாலாவில் இறங்கி மேற்கே போனால் த்வாண்டே. அந்த ஊரின் பேர் மண்பாண்டத்தால் பரவியது. பிரிட்டிஷ் ஆட்சியில் வெட்டிய 35 கிலோமீட்டர் கால்வாய் அதை ஐராவதியோடும் யாங்கோன் ஆற்றோடும் கோர்த்தது. தூரப் பாரம் படகில் போயிற்று. துறையிலிருந்து வீட்டுக்கும் சந்தைக்கும் உள்ள குறுந்தூரத்தை இந்தக் கரையில் சுமந்தது சைக்கா: சாதாரண சைக்கிளின் பக்கத்தில் மூன்றாவது சக்கரம் ஒன்று, முதுகோடு முதுகாக இருவர் உட்கார இருக்கை, மிதிப்பவரோடு மூன்று பேர், மடியில் மூட்டை. நூறு கிலோவைத் தாண்டிய ஒருவர் ரோடு பைக் வாங்கப் போனால் இன்று எல்லோரும் கேட்பது ஃபிரேம் அலாயா (அலுமினியமா), கார்பனா என்பதுதான். சைக்காவின் வரலாறும் அதைச் சேர்ந்த பாரச் சைக்கிள்களின் வரலாறும் இந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பு என்கின்றன. எடைக்கு முதலில் தோற்பது ஃபிரேம் அல்ல, பின்சக்கரம்.

பழைய இங்கிலீஷ் ரோட்ஸ்டரை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. ஏறியவரின் எடையில் பெரும்பங்கு பின்னால் விழுகிறது என்பதை அறிந்து வைத்த கணக்கு அது. இந்தியத் தொழிற்சாலைகளும் அந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டன.   கம்பி ஏன் கூட வேண்டும்? கம்பி இழுபட்டு அறுவதில்லை. சக்கரம் சுழலும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து மறுபடி இறுகுகிறது. ஏறியவர் எடை கூடக்கூட அந்தத் தளர்வும் கூடி, ஹப்பில் வளையும் இடத்தில் கம்பி களைத்து முறிகிறது. கம்பிகள் கூடினால் அந்தச் சுமை பங்காகிறது. இன்றைய ரோடு பைக்குகள் பலவற்றில் முன்னால் 20, பின்னால் 24 கம்பிதான். போதாததற்கு, பதினொன்று பன்னிரண்டு பற்சக்கரங்களுக்கு இடம் விடுவதற்காக வலப்பக்கக் கம்பிகள் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கின்றன. இடப்பக்கத்தின் இறுக்கம் வலத்தில் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. கனத்த ஆளின் சக்கரம் அடிக்கடி கோட்டம் விழுவது இதனால்தான்.

சுமை வண்டிக்காரர்கள் டபுள் பார் சைக்கிளைத் தேடி வாங்கினார்களே, அது ஃபிரேமுக்காகத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் டபுள் பாரில் உலோகம் மாறவில்லை, குழாய் ஒன்று கூடியது. வலு வடிவத்திலிருந்து வந்தது. 1954இல் தியன் பியன் பூ போர்முனைக்கு 200 கிலோவுக்கு மேல் ஏற்றித் தள்ளிச் சென்ற வியட்நாமியர்களும் அதே எஃகுச் சைக்கிளை மூங்கிலாலும் மரத்தாலும் முட்டுக்கொடுத்தே பாரம் ஏற்றினார்கள். சைக்காவில் பாதிப் பாரத்தை மூன்றாவது சக்கரம் வாங்கிக்கொள்கிறது, ஆகவே அது ஒப்பாகாது என்பது இன்னொரு ஆட்சேபம். மேலிருந்து வரும் பாரம் குறைவு என்பது மெய். ஆனால் பக்கத்தில் இன்னொரு சக்கரம் பூட்டிய சைக்கிள் திருப்பத்தில் சாய முடியாது. பக்கவாட்டு விசை முழுவதும் சக்கரத்தின் மேல் வருகிறது. கம்பிச் சக்கரம் மேலிருந்து வரும் பாரத்துக்குச் சிங்கம், பக்கவாட்டு அழுத்தத்துக்கு நோஞ்சான். ஆக சைக்கா தந்த சோதனை லேசானதல்ல.

இனி அலாயும் கார்பனும். எஃகின் விறைப்பில் அலுமினியத்துக்கு மூன்றில் ஒரு பங்குதான். 1970களில் வந்த இத்தாலிய ஆலன் ஃபிரேம்கள் எஃகின் மெல்லிய குழாய் அளவையே பின்பற்றியதால் நெளிபவை என்ற பேர் வாங்கின. ஃபிரேம் கட்டுநர் கேரி கிளைனும், 1983இல் தன் முதல் சைக்கிளை விற்ற கேனன்டேல் நிறுவனமும் குழாயைப் பருமனாக்கினார்கள். சுவர் கனம் மாறாமல் விட்டம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும். உலோகம் அதேதான், பேர்தான் மாறியது. கார்பனிலும் அப்படியே. 1970களின் கிராஃப்டெக் சைக்கிளில் கார்பன் குழாயை உலோக மூட்டில் ஒட்டினார்கள். தொல்லை வந்ததெல்லாம் மூட்டில். மூட்டையும் கார்பனிலேயே செய்யத் தெரிந்த பிறகுதான் அது பந்தயத்தில் நிலைத்தது. 1998இல் வீரர் பன்டானி அலுமினியச் சைக்கிளில் டூர் டி பிரான்ஸ் வென்றதற்குப் பின் அந்தப் பந்தயம் கார்பன் கைக்குப் போயிற்று. அந்த வீரர்கள் எடை பெரும்பாலும் 60, 70 கிலோ; அவர்களுக்காகச் செதுக்கிய கிராம் மிச்சம் நூறு கிலோக்காரருக்கு என்ன லாபம் தரும் என்பது தனிக் கேள்வி.

கார்பன் திடீரென்று உடையும் என்ற பயத்துக்கு ஆதாரம் உண்டு, ஆனால் பாதிதான். தொடர் அழுத்தத்தில் களைப்பது அலுமினியம்தான், கார்பன் அதைத் தாங்கும். கார்பனின் பலவீனம் கல்லடி, கீழே விழுதல், அதிகம் முறுக்கிய போல்ட். ஐராவதி டெல்டாவின் ஈரமும் கனத்த ஆளின் வியர்வையும் இன்னொரு விதத்தில் வினையாகும்: கார்பனும் அலுமினியமும் உப்பு நீரில் தொட்டுக்கொண்டால் அலுமினியம் அரித்துப்போகிறது, சீட் போஸ்ட் ஃபிரேமோடு இறுகிப் பிடித்துக்கொள்கிறது. என் தீர்ப்பு அலாய்ப் பக்கம், ஆனால் அலாய் உறுதி என்பதற்காக அல்ல. விலை வித்தியாசத்தில் மிஞ்சும் பணத்தில் பின்னால் 32 கம்பி வைத்துக் கையால் இறுக்கிய சக்கரமும், 30 மில்லிமீட்டரைத் தாண்டிய டயரும் வாங்கலாம் என்பதற்காக. ஏற்கெனவே கார்பன் வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. சக்கரத்தை மாற்றினால் போதும். தயாரிப்பாளர் குறிக்கும் எடை வரம்பை மட்டும் இருவரும் படித்துவிட வேண்டும். அதில் பல இடங்களில் ஆளோடு சைக்கிளும் பையும் தண்ணீர்ப் புட்டியும் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன.