வேப்பேரிப் போதகரின் கடைசி ஆண்டுகள்

போதகரின் மனச்சோர்வு இக்காலத்தில் தோன்றிய புது நோய் என்று எண்ணுவோர் உண்டு. கோடம்பாக்கம் போன்ற நெருக்கமான நகர்ப்பகுதிகளில் ஊழியஞ்செய்யும் குருமார், பிரசங்கத்தைவிடக் கணக்கும் கட்டடமும் குழுக்கூட்டங்களுமே தம்மைத் தளரச் செய்வதாக நம்மிடம் கூறுவர். ஆயினும், இத்துன்பம் சென்னைத் திருச்சபைக்குப் பழையது. வேப்பேரியில் பணியாற்றிய யோகான் பிலிப்பு பப்ரிசியஸின் வரலாறு இதற்குச் சான்று.

1711-இல் ஜெர்மனியில் பிறந்த இவர், முதலில் சட்டமும், பின்னர் ஹாலே நகரில் இறையியலும் பயின்று, 1740-இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். 1742-இன் இறுதியில் சென்னைக்கு அனுப்பப்பட்டார். மறு ஆண்டில் மூத்த மிஷனெரியாகிய சூல்ட்சே தாயகம் திரும்பவே, சபைப் பொறுப்பு முழுவதும் இவர்மேல் விழுந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் நகரைக் கைப்பற்றியபோது பழவேற்காட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. 1749-இல் நகரம் ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்தபின், வேப்பேரியில் சபை வேரூன்றியது. 1758-இல் லாலியின் படை வந்தபோது அதுவும் சூறையாடப்பட்டது. ஒரே ஊழியக்காரர் தம் வேலையை இருமுறை இடிபாடுகளினின்று தொடங்க நேர்ந்தது.

இவ்வளவு இடர்களுக்கிடையிலும் அவர் தமிழுக்குச் செய்த தொண்டு பெரிது. புதுச்சேரியிலிருந்து 1761-இல் கைப்பற்றப்பட்ட அச்சியந்திரம் வேப்பேரிக்கு வந்தது. 1772-இல் அவருடைய புதிய ஏற்பாடும், 1779-இல் தமிழ்–ஆங்கில அகராதியும் வெளிவந்தன. அவர் தமிழாக்கிய ஜெர்மானியப் பாடல்கள் லுத்தரன் சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வருகின்றன.

எனினும், அவருடைய முதுமை துயரம் மிக்கது. தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பணத்தை அவர் உலகியல் விவேகமின்றிக் கடனாகக் கொடுத்தார். கொடுத்த பணம் திரும்பவில்லை. பணத்தை ஒப்படைத்தவர்களோ அவரையே கேட்டனர். வேதத்தைத் தமிழில் தந்த கரங்கள் கடன்காரர் சிறையின் கம்பிகளைப் பற்றின. 1788-இல் கெரிக்கே பொறுப்பை ஏற்றார். 1791 ஜனவரியில் பப்ரிசியஸ் மரித்தார். தாம் உழைத்த முழு வேதாகமமும் அச்சேறி முடிந்ததை அவர் காணவில்லை.

இவ்வீழ்ச்சியை ஒரு தனி மனிதரின் அறியாமை என்று கூறிவிட்டு நாம் கடந்து போகலாகாது. அவருடைய பிழை பிழையே. பணத்தை இழந்தோரின் துன்பமும் உண்மையே. ஆயினும் மொழிபெயர்ப்பாளர், மேய்ப்பர், பொக்கிஷக்காரர் ஆகிய மூன்று சுமைகளையும் நாற்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு தோளில் வைத்திருந்தவர் யார்? அவர் எழுதியனுப்பிய அறிக்கைகளில் ஆத்துமாக்களின் தொகையைக் கண்டு மகிழ்ந்தோர், அவற்றை எழுதியவரின் களைப்பைக் கண்டனரா?

தரங்கம்பாடியின் சீகன்பால்குவுக்கு நேர்ந்தது வேறு விதமான துன்பம். கோபன்ஹேகனிலிருந்து மிஷன் செயலாளர் வெண்ட் எழுதிய கடுங்கண்டனங்கள் அவரை நொறுக்கின. உடலும் நலிந்து, 1719-இல் தம் 36-ஆம் வயதில் அவர் உயிர்நீத்தார். ஒருவரைக் கண்காணிப்பில்லாத தனிமை கெடுத்தது. மற்றவரை அன்பில்லாத கண்காணிப்பு வாட்டியது. திருச்சபை இவ்விரண்டு வழிகளிலும் தன் ஊழியரை இழக்கக்கூடும்.

அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரிப்புக்கென எழுவர் நியமிக்கப்பட்டது வசன ஊழியத்தைக் காப்பதற்காகவே. ஆகவே, சபைப் பணத்தைப் போதகரின் கையில் மட்டும் விடாதிருப்பது அவர்மேல் கொண்ட ஐயத்தினால் அன்று, அவருக்குச் செய்யும் இரக்கத்தினால் ஆகும். சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவைத் தேவன் கடிந்துகொள்ளாமல், முதலில் அப்பமும் தண்ணீரும் உறக்கமும் அருளினார். சோர்ந்த போதகரைச் சந்திக்கச் செல்லும் நம் மூப்பர்களும் அத்தியட்சர்களும், அறிக்கையைக் கேட்குமுன் அவர் உண்டாரா, உறங்கினாரா என்று கேட்பார்களாக. இறையியல் மாணவர்களும், தம் சுமையைப் பகிர்ந்துகொள்ளக் கேட்பது விசுவாசக் குறைவன்று என்பதை இப்பொழுதே கற்றுக்கொள்வார்களாக.