ஈரங்கொல்லியின் சாட்சியம்: திருவரங்கத்துக்குத் திரும்பியவர்களும் அங்கேயே இருந்தவர்களும்

கோயிலொழுகில் 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பைச் சொல்லும் பகுதியை மேற்கோள் காட்டாத ஆய்வாளர் இல்லை. உற்சவர் 1371இல் திரும்பி வந்தபோது நடந்ததைச் சொல்லும் பகுதியையோ பெரும்பாலோர் அற்புதக் கதை என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்டிப் போனதால்தான் திருவரங்கத்தின் பதினான்காம் நூற்றாண்டு பற்றி ஒரு தவறான சித்திரம் நிலைத்துவிட்டது என்பது என் கருத்து. பிள்ளை லோகாசாரியர் பெருமாளோடு தெற்கே புறப்பட்டது, பெருமாள் மேல்கோட்டை வழியாகத் திருமலை சேர்ந்தது முதலியவை வாசகர் அறிந்தவை. அவற்றை இங்கே விரிக்கவில்லை.

ஒழுகு சொல்வது இது. விசயநகரத் தளபதி கோபணார்யர் செஞ்சியிலிருந்து அழகியமணவாளப் பெருமாளைத் திருவரங்கத்துக்கு எழுந்தருளப் பண்ணுகிறார். வந்து பார்த்தால் அங்கே ஏற்கெனவே வேறோர் உற்சவமூர்த்தி எழுந்தருளியிருந்து ஆராதனம் கண்டருளி வருகிறார். இருவரில் பழைய பெருமாள் யார் என்று உறுதி சொல்ல ஆளில்லை. கடைசியில் கண்பார்வை இழந்த ஒரு முதியவர் முன்வருகிறார். அவர் பெருமாளின் ஈரவாடைகளை வெளுத்துக் கொடுத்துவந்த ஈரங்கொல்லி. இரு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் நடக்கிறது. ஈரவாடைத் தீர்த்தம் இரண்டையும் வாங்கி உட்கொண்டவர், செஞ்சியிலிருந்து வந்தவரே நம்பெருமாள் என்று சொல்லிவிடுகிறார். அங்கேயே இருந்தவருக்குத் திருவரங்க மாளிகையார் என்று பெயர் அமைகிறது.

படையெடுப்புக்கும் மீட்புக்கும் இடைப்பட்ட 48 ஆண்டுகள் திருவரங்கம் பூசையற்றுப் பாழாய்க் கிடந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வாசிப்பு. இதற்கு இரண்டு ஆதாரங்கள் காட்டப்படுகின்றன. ஒன்று கங்காதேவியின் மதுராவிஜயம். இடிந்த கோயிலின் செங்கற்கள் அரங்கன்மேல் விழாதபடி ஆதிசேடன் படம் விரித்துத் தாங்குவதாக அதில் ஒரு காட்சி உண்டு. நல்ல கவிதைதான். ஆனால் அது குமார கம்பணனின் தேவி தன் கணவனின் வெற்றியைப் பாடிய காவியம். வீரன் படை எடுக்க வேண்டுமானால் நாடு பாழாகிக் கிடந்தாக வேண்டும். காவிய அமைப்பே அதைக் கேட்கிறது. அந்தப் படத்தை அப்படியே கோயில் நிர்வாக வரலாறாக எடுத்துக்கொள்ள இயலாது.

மற்றொன்று திருவரங்கத்திலுள்ள கோபணார்யரின் வடமொழிக் கல்வெட்டு. அதை நிறுத்திப் படிக்க வேண்டும். ‘பந்துப்ரியே’ என்ற எழுத்தெண் தொடர் சகம் 1293ஐத் தருகிறது, அது 1371-72. கோபணார்யர் அஞ்சனாத்திரியிலிருந்து அரங்கனைக் கொண்டுவந்தார், செஞ்சியில் சில காலம் வைத்து ஆராதித்தார், துலுக்கரை வென்றார், திருமகளோடும் நிலமகளோடும் அரங்கனை அவன் ஊரிலேயே எழுந்தருளச் செய்து பூசையை மீண்டும் நடத்தினார் என்பது அதன் செய்தி. இரு மூர்த்திகள் பற்றியோ ஈரங்கொல்லி பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. இந்த மௌனத்தைக் கொண்டே ஒழுகின் கதை பிற்காலக் கற்பனை என்று தள்ளுகிறார்கள்.

எனக்கு இது நேர்மாறாகப் படுகிறது. மீட்டுத் தந்தவன் என்ற பெருமையைக் கல்லில் வெட்டிவைக்கும் ஒருவர், தமக்கு முன்பே அங்கே பூசை நடந்துகொண்டிருந்தது என்று எழுதுவாரா? கல்வெட்டு பேசாமலிருக்க அதற்கு வலுவான காரணம் இருந்தது. ஒழுகுக்கோ இதை இட்டுக்கட்டுவதற்குக் காரணம் எதுவுமில்லை. கொத்துகளின் கடமைகளையும் மரியாதைகளையும் தலைமுறை தலைமுறையாகப் பதிந்துவைத்த ஏடு அது. தம் பெருமாளைத் தம்மவர்களே அடையாளம் காணத் தவறினார்கள், கோயிலுக்கு வெளியே நின்ற ஒரு வண்ணாரின் நாவை நம்பித்தான் முடிவு கட்டினார்கள் என்ற செய்தியை எந்தக் கோயிலார் விரும்பிப் புனைவார்கள்? மறைக்க முடியாத அளவுக்கு ஊரறிந்த செய்தியாக இருந்ததால்தான் அது ஏட்டில் தங்கியது.

எளிய தொண்டரைக் கொண்டு பெருமாள் தம்மை வெளிப்படுத்துவது வைணவ மரபின் பழகிய கதைமுறை என்ற மறுப்பு உண்டு. உண்மை. ஆனால் கதைமுறை சாட்சியின் உருவத்தைத் தரும்; இரண்டாவது மூர்த்தியைத் தராது. ஒழுகின் தொகுப்பு காலத்தால் பிந்தியது என்பது இன்னொரு மறுப்பு. பல அடுக்குகளாகச் சேர்ந்த ஏடுகளில் இது எல்லாவற்றுக்கும் பொருந்தும். இந்தப் பகுதியை மட்டும் அதனால் தள்ள முடியாது.

சாட்சி கிடைக்காததைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். பழையவர்கள் எல்லோரும் மாண்டுபோனார்கள் என்பது வழக்கமான விளக்கம். 1323இல் பத்து வயதுச் சிறுவனாகப் பெருமாளைச் சேவித்தவருக்கு 1371இல் 58 வயது. திருவரங்கம் போன்ற ஊரில் அந்த வயதில் ஒருவருமே இல்லை என்பதை நான் நம்பவில்லை. ஆட்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் சொல்லை எதிர்த்தரப்பு ஏற்றிருக்காது. எந்த மூர்த்தி உற்சவராகிறாரோ அவரோடு நின்றவர்களுக்கே முதல் தீர்த்தமும் பரிவட்டமும் கைங்கரிய உரிமையும் சேரும். அர்ச்சகரோ பரிசாரகரோ எதைச் சொன்னாலும் அதில் அவர் பங்கு கலந்திருக்கும். ஈரங்கொல்லிக்கு அந்த மரியாதைகளில் போட்டியில்லை. கண்ணும் தெரியாததால் எந்த மூர்த்தி எந்தத் தரப்பினுடையது என்று பார்த்துச் சாய்ந்தார் என்றும் சொல்ல முடியாது. இரு தரப்பும் ஒப்புக்கொள்ளக்கூடிய சாட்சி அவர்தான். நம் முன் இருப்பது ஓர் உரிமை வழக்கு.

இங்கேதான் கல்வெட்டும் ஒழுகும் ஒன்றையொன்று தாங்குகின்றன. துலுக்கரை வென்றதையும் பெருமாளை எழுந்தருளச் செய்ததையும் கல்வெட்டு ஒரே தொடர்ச்சியாகச் சொல்கிறது. இடையில் புது மூர்த்தி ஒன்றைச் செய்து பிரதிட்டை பண்ணி ஆராதனத்தை ஒழுங்குபடுத்த அவகாசமில்லை. எனவே இரண்டாவது மூர்த்தி மதுரைச் சுல்தான்களின் ஆட்சி நடந்தபோதே, கண்ணனூரில் அவர்களுடைய தண்டு தங்கியிருந்தபோதே, திருவரங்கத்தில் பூசை கொண்டிருக்க வேண்டும். ஒழுகே இதற்கு வழிகாட்டுகிறது: கண்ணனூர்ப் படைத்தலைவனின் ஆதரவைப் பெற்று, கோயிலுக்கு மேலும் கேடு வராமல் காத்த சிங்கப்பிரானை அது நன்றியோடு குறிக்கிறது. ஓடிப்போக வழியில்லாமலோ மனமில்லாமலோ ஊரிலேயே தங்கி, ஆளவந்தவர்களோடு பேசி, ஒரு மூர்த்தியை எழுந்தருளச் செய்து விளக்கேற்றி வந்தவர்கள் இருந்தார்கள். நம் வரலாறுகள் அவர்களுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

1323இன் கொடுமையை இதனால் நான் குறைத்துச் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். கொலையும் கொள்ளையும் நடந்தன. துலுக்க நாச்சியார் சன்னிதியைக் காட்டி எல்லாம் இணக்கமாகவே இருந்தது என்று வாதிடுவோரோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்தச் சன்னிதி இந்த ஆண்டுகளின் அரசியலுக்குச் சான்றாகாது. நான் சொல்வது வேறு. சுல்தான்களின் வரவு உண்டாக்கிய கலக்கத்தைவிட, விசயநகரத்தாரின் வரவு கோயிலுக்குள் உண்டாக்கிய கலக்கம் நீண்டகாலப் பயன் உடையது. புதிய அரசோடு தொடர்பு வைத்த உத்தமநம்பிகள் அடுத்த நூற்றாண்டில் பெற்ற செல்வாக்கை இந்த வழக்கின் தொடர்ச்சியாகவே படிக்க வேண்டும்.

தீர்ப்பின் வடிவமே ஒரு சமரசம். தோற்ற மூர்த்தியை அகற்றவில்லை. திருவரங்க மாளிகையார் யாகபேரராக நிலைபெற்றார், இன்றும் அந்தக் கைங்கரியம் நடக்கிறது. அவரை அங்கே வைத்தது யார் என்ற கேள்வியைக் கேட்காமல், 1323க்கும் 1371க்கும் இடையில் திருவரங்கத்தில் வழிபாடே இல்லை என்று எழுதும் வழக்கத்தை இனியாவது ஆய்வாளர்கள் கைவிட வேண்டும்.