டாஷ்போர்டு வெடித்த கதை

மோட்டார் காரின் முன்கண்ணாடிக்குக் கீழே, வேகமானியையும் விசைகளையும் தாங்கிக்கொண்டு குறுக்கே அமைந்திருக்கும் டாஷ்போர்டு, அந்த வாகனத்தின் புராதனமான அங்கங்களில் ஒன்று. என்ஜின் பிறப்பதற்கு முன்பே அது பிறந்துவிட்டது. மேல்நாடுகளில் குதிரை வண்டிகள் மண்பாதையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், குளம்புகள் வாரியடிக்கும் சேறும் சரளையும் வண்டியோட்டுகிறவன் மடியில் வந்து விழாதபடி, அவனுடைய கால்களுக்கு முன்னே செங்குத்தாக நிறுத்திய பலகையே அதன் ஆதி ரூபம். அந்தப் பலகை பின்னர் தோலாகவும் இரும்பாகவும் ரெக்ஸினாகவும் பல வேஷங்கள் பூண்டது. ஏறக்குறைய ஒவ்வொரு வேஷத்திலும் அதன் மேற்பூச்சு வெடித்தது. வெடித்தபோதெல்லாம் வண்டிக்குச் சொந்தக்காரன் தன் வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அதைச் செப்பனிட முயன்றான். இந்த வெடிப்புகளின் சரித்திரத்தை அறிந்தவர்களே அவற்றைச் சரியானபடி மூட முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

பலகை கனமாக இருந்தபடியால், நல்ல வண்டிகளுக்கு இரும்பால் சட்டம் செய்து அதன்மேல் தோலை இழுத்துத் தைக்கும் வழக்கம் உண்டாயிற்று. சாதாரணத் தோல் மழையில் ஊறி வெயிலில் விறைத்துவிடும் என்பதால், ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சித் தயாரித்த வார்னிஷைப் படலம் படலமாகப் பூசி உலர்த்தி, முகம் தெரியும்படி மெருகேற்றிய தோலை உபயோகித்தார்கள். அமெரிக்காவில் இத்தோலைச் செய்யும் தொழிலை 1819-ஆம் ஆண்டு வாக்கில் நியூவார்க் நகரில் ஸேத் பாய்டன் என்பவர் ஆரம்பித்துவைத்தார். நாளடைவில் டாஷ்போர்டுக்கென்றே ஒரு தனி ரகத் தோல் விற்பனைக்கு வந்தது. ஆனால் தோல் வளையும். அதன்மேல் உறைந்த எண்ணெய்ப் படலம் அந்த அளவுக்கு வளையாது. ஆகவே மடிப்பு விழுந்த இடங்களிலும் தையலோரங்களிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றின. எண்ணெயில் புகைக்கரியைக் குழைத்துத் துணியால் தேய்த்து அவற்றை மறைத்தார்கள். உள்ளே இருக்கும் பொருளும் மேலே இருக்கும் பூச்சும் ஒரே சீராக நீண்டு சுருங்காவிட்டால் பூச்சு வெடித்தே தீரும் என்ற விதி, இவ்விதமாகக் குதிரை வண்டிக் காலத்திலேயே புலப்பட்டுவிட்டது.

1901-ஆம் ஆண்டில் ரான்ஸம் ஓல்ட்ஸ் என்பவர் வெளியிட்டு, அமெரிக்காவில் முதன்முதலாகப் பெருவாரியாக உற்பத்தி செய்யப்பட்ட ஓல்ட்ஸ்மொபைல் காரில், என்ஜின் ஆசனத்துக்கு அடியில் இருந்தது. முன்னால் குதிரையும் இல்லை, சேறு வாரியடிக்கக் குளம்பும் இல்லை. ஆயினும் முன்பலகை மட்டும் அழகாக வளைந்து நின்றது. அந்த வளைவே அக்காருக்குப் பெயராகவும் அமைந்தது. பிறகு என்ஜின் முன்பக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. பலகை, என்ஜினுக்கும் பிரயாணிகளுக்கும் இடையிலுள்ள சுவராயிற்று. எண்ணெய் அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் வேகத்தையும் காட்டும் முள்வட்டங்கள் ஒவ்வொன்றாக வந்து அதன் அண்டையில் இடம் பிடித்துக்கொண்டன.

உயர்ந்த விலையுள்ள இங்கிலீஷ் கார்களில் டாஷ்போர்டு மரமாகவே நிலைத்தது. அக்ரூட் மரத்தின் முண்டு முடிச்சுகளிலிருந்து சீவியெடுத்த மெல்லிய தகட்டைப் பலகையில் ஒட்டி வார்னிஷ் பூசினார்கள். வெயில் பட்டு வார்னிஷ் வெடித்து, ஈரம் உள்ளே இறங்கி, வெள்ளைத் திட்டுகள் படர்ந்த இத்தகைய பலகையைப் புதுப்பிக்க விரும்புகிறவர்கள், பழைய பூச்சை மருந்திட்டு இளக்கி எடுக்கவேண்டுமே தவிர, உப்புத்தாளால் பலமாகத் தேய்த்தல் ஆகாது. அத்தகடு தாளைவிடச் சற்றே தடித்தது, நாலு இழுப்பு அதிகமாகிவிட்டால் அடிப்பலகை தெரிந்துவிடும். சாமானிய ஜனங்களுக்கான அமெரிக்கக் கார்களிலோ, 1930-க்குப் பின் உருக்குத் தகடு ஆட்சி செய்தது. அந்தத் தகட்டின்மேலும் மரத்தின் சாயலை வரவழைத்தார்கள் என்பது அக்காலத்தவரின் ரசனைக்கு ஒரு சாட்சி. மரத்தின் வரிகளைச் செதுக்கிய செப்புத் தகட்டில் மையைத் தடவி, மேலே நிற்கும் மையை வழித்துவிட்டு, மெத்தென்ற உருளை ஒன்றை அதன்மேல் ஓட்ட, வரிகளில் தங்கியிருந்த மையை அந்த உருளை ஏந்திக்கொள்ளும். வெளிர்ப் பழுப்பு வர்ணம் பூசிய உருக்கின்மேல் அதை ஒரே சீராக மறுபடி ஓட்டினால் இரும்பு அக்ரூட் மரமாகத் தோன்றும். இன்றும் பழைய கார்களைப் போற்றுகிற சிலர் இதே முறையைத் தங்கள் வீடுகளில் கைக்கொண்டு வருகிறார்கள்.

உருக்கு அவ்வளவாக வெடிக்காது. ஆனால் அதில் மோதியவர்களின் முகம் சிதைந்தது. டெட்ராய்ட் நகரில் கிளேர் ஸ்ட்ரெய்த் என்ற சஸ்திர வைத்தியர், விபத்தில் உருக்குலைந்த முகங்களைச் சீர்செய்து கொடுப்பதில் பெயர் பெற்றவர். தம்மிடம் வரும் நோயாளிகளில் பெரும்பாலோர் ஓட்டுநருக்குப் பக்கத்து ஆசனத்தில் அமர்ந்து சென்றவர்கள் என்பதையும், அவர்களுடைய நெற்றியையும் மூக்கையும் தாடையையும் நொறுக்கியது டாஷ்போர்டும் அதிலிருந்து துருத்திக்கொண்டிருந்த திருகுகளும் பிடிகளுமே என்பதையும் அவர் கவனித்தார். 1937-ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்திய சங்கத்தின் சஞ்சிகையில் இதுபற்றி எழுதியதோடு நில்லாமல், டாஷ்போர்டுக்கு மெத்தை கட்டுங்கள், பிடிகளை உள்ளே அடக்குங்கள் என்று கார் உற்பத்தி செய்வோரிடமே வற்புறுத்தினார். கிறைஸ்லர் கம்பெனி அவருடைய யோசனைகளில் சிலவற்றை ஏற்று, அவ்வருஷத்துக் கார்களில் பிடிகளைப் பதித்தும், முன் ஆசனத்து முதுகின் மேல்விளிம்பில் மெத்தை பொதிந்தும் கொடுத்தது. வெட்டித் தைத்துக் கூலி வாங்குவதோடு தம் கடமை தீர்ந்தது என்றிராமல், அந்த வெட்டுக்குக் காரணமான பொருளையே மாற்றப் புறப்பட்ட இந்த வைத்தியரை, டாஷ்போர்டின் சரித்திரத்தில் நான் முதல் ஸ்தானத்தில் வைப்பேன்.

அவர் கேட்டது முழுமையாகக் கிடைக்கப் பல வருஷங்கள் ஆயின. 1948-ஆம் ஆண்டின் டக்கர் காரில் மெத்தையிட்ட டாஷ்போர்டு வந்தது. ஆனால் அந்தக் கார் மொத்தம் 51 தான் செய்யப்பட்டது. 1956-இல் ஃபோர்டு கம்பெனி தன் கார்களில் அதை, வேண்டுவோர் தனிப் பணம் கொடுத்து வாங்கும் வசதியாக வைத்தது. 1965-இல் ரால்ஃப் நேடர் என்ற இளம் வழக்கறிஞர் கார்களின் அபாயங்களைப் பற்றி எழுதிய புத்தகம் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. மறு வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன் கீழ் பிறந்து 1968 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த விதியொன்று, 6.8 கிலோ எடையுள்ள ஒரு பொம்மைத் தலையை மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் டாஷ்போர்டின்மேல் மோதும்போது, அத்தலை அனுபவிக்கும் அதிர்ச்சி, பூமியின் ஈர்ப்பைப்போல் 80 மடங்குக்கு மேல், தொடர்ந்து ஒரு விநாடியின் ஆயிரத்தில் மூன்று பங்கைத் தாண்டி நீடிக்கக் கூடாது என்று வகுத்தது. வெறும் உருக்குத் தகட்டினால் இந்தப் பரீட்சையில் தேறுவது பிரயாசை.

மென்மையைக் கொடுப்பதற்கு இரண்டு பொருள்கள் கைவசம் இருந்தன. 1926-இல் ஆக்ரன் நகரில், ரப்பரை உலோகத்தோடு ஒட்டுவதற்கு ஒரு பசையைத் தேடிய வால்டோ ஸெமன், விறைத்த வினைல் பிளாஸ்டிக்கைச் சில எண்ணெய்த் திரவங்களோடு சேர்த்துக் காய்ச்சியபோது, அது குழைந்து, இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் பொருளாக மாறிவிட்டது. நாம் ரெக்ஸின் என்று பொதுவாகச் சொல்லும் துணிகளில் பலவற்றின் மேற்பூச்சு அதுவே. 1937-இல் ஜெர்மனியின் லெவர்குஸென் நகரில் ஆட்டோ பேயர் கண்டறிந்த பாலியூரித்தேன், பிற்பாடு நுரையாகப் பொங்கி, ஃபோம் ஆயிற்று. ஃபோமின்மேல் வினைல் தோல் போர்த்தியதுதான் புதிய டாஷ்போர்டு. அது உயிரைக் காத்தது. ஆனால் பத்துப் பதினைந்து வருஷங்களில் வெடித்தது.

காரணம் மிகவும் தெளிவானது. வினைலை இளக்கி வைத்திருக்கும் அந்த எண்ணெய்த் திரவம் அதனோடு இரண்டறக் கலந்ததன்று. நடுவே புகுந்து நிற்பது. வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற காரின் டாஷ்போர்டு ஏறத்தாழ 70 டிகிரி செல்ஸியஸ் வரை காய்கிறது. அந்தச் சூட்டில் திரவம் சிறிது சிறிதாக ஆவியாகி வெளியேறுகிறது. முன்கண்ணாடியின் உட்புறத்தில், எத்தனை முறை துடைத்தாலும் மறுபடி படிகிற அந்த எண்ணெய்ப் புகைமூட்டத்தில் ஒரு பங்கு, டாஷ்போர்டு இழந்த இளமையே. திரவத்தை இழந்த தோல் விறைத்துச் சுருங்குகிறது. அடியிலுள்ள ஃபோமும் சட்டமும் அதனோடு சேர்ந்து சுருங்குவதில்லை. ஆகவே தண்ணீர் வற்றிய ஏரியின் வண்டல்போல் அது பாளம் பாளமாகப் பிளக்கிறது. பிளவு ஆரம்பிப்பது பெரும்பாலும் ஒலிபெருக்கித் துவாரங்களின் ஓரத்திலும், திருகுகள் இறுக்கிய மூலைகளிலும்தான். பிளந்த உதடுகள் மேல்நோக்கிச் சுருண்டு நிற்கும். உள்ளே மஞ்சளாகிப்போன ஃபோம் விரல் பட்டவுடன் உதிரும்.

இதற்கு ஜனங்கள் கண்ட பரிகாரங்கள் பல. கம்பளத் துண்டை வெட்டிப் போர்த்தினார்கள். அச்சில் வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக் மூடியை மேலே ஒட்டினார்கள். சிலர் தகரத்துக்குப் போடும் பட்டியையே பிளவில் திணித்து, தேய்த்து, பெயிண்ட் அடித்தார்கள். கடைசி முறையை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். கல்லாக இறுகும் பட்டி, சுற்றியுள்ள மெல்லிய தோலோடு அசையாது. அடுத்த கோடையிலேயே அதன் இரு மருங்கிலும் புதிய வெடிப்பு ஓடும். அதைவிட, ஸ்ட்ரெய்த் முதலியவர்கள் முப்பது வருஷம் பாடுபட்டு அகற்றிய கடினத்தை, நாமே பணம் கொடுத்து மறுபடி அழைத்து வருகிறோம்.

முறையாகச் செய்ய விரும்புகிறவர், முதலில் டாஷ்போர்டைச் சோப்பு நீரால் கழுவி, உலர்ந்தபின் ஐஸோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைக்கவேண்டும். பளபளப்புக்காகப் பூசிய ஸிலிக்கோன் பாலிஷ் சிறிது எஞ்சியிருந்தாலும் அந்த இடத்தில் வர்ணம் ஒட்டாமல் விலகிக் குழிகள் விழும். பின்பு கூரிய கத்தியால், சுருண்டு நிற்கும் உதடுகளைத் தயக்கமின்றி அறுத்து எறிந்து, ஃபோமோடு ஒட்டியிருக்கும் நல்ல தோல் வரும் வரை பின்னே செல்லவேண்டும். பிளவைப் பெரிதாக்குகிறோமே என்ற பயம் எல்லோருக்கும் வருவது. ஆனால் சுருண்ட தோலின்மேல் இட்ட நிரப்பு நிலைத்ததில்லை. உதிரும் ஃபோமைச் சுரண்டியெடுத்து, ஆழமான பள்ளத்தைப் புதிய ஃபோமால் நிரப்பி, அதன்மேல் பிளாஸ்டிக் பம்பர்களுக்கென விற்கும், வளைந்து கொடுக்கிற இரண்டு பாக நிரப்பைச் சன்னமாக இழுத்து, உலர்ந்தபின் 180, 320 என்ற எண்களுள்ள உப்புத்தாள்களால் வரிசையாகத் தேய்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவும்போது விளிம்பு தட்டுப்பட்டால் இன்னும் தேய்க்கவேண்டியிருக்கிறது. அதன் பிறகு, தோலின் மணல்பரப்பு போன்ற சொரசொரப்பை மேற்பூச்சினால் வரவழைத்து, வினைலுக்கென்றுள்ள வர்ணத்தைப் பனி படிவதுபோல் மெல்லிய பல பூச்சுகளாகத் தூவி முடிக்கவேண்டும். நம்மூரில் சீட் கவர் தைக்கும் கடைகளில் டாஷ்போர்டைக் கழற்றிக் கொடுத்தால், ஃபோமைச் செப்பனிட்டுப் புதிய ரெக்ஸினே போர்த்தித் தருகிறவர்களும் உண்டு. பிளவு பல இடங்களில் பரவியிருந்தால் அதுவே சிலாக்கியம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கை வைக்கலாகாது. அமெரிக்காவில் 1998 மாடல் கார்களிலிருந்து முன் ஆசனங்கள் இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமாயிற்று. இந்தியாவில் புதிய மாடல் கார்களுக்கு, ஓட்டுநரின் பக்கத்து ஆசனத்துக்கும் அது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். அந்தப் பை டாஷ்போர்டுக்குள்ளே மடிந்து கிடக்கிறது; பல கார்களில், குறித்த கோட்டில் கிழிந்து வழிவிட வேண்டும் என்பதற்காகவே மேல்தோலின் உட்புறம் மெலிதாக்கப்பட்டிருக்கிறது. அந்த மூடியின்மேல் நிரப்பையோ ரெக்ஸினையோ ஏற்றினால், பை தாமதமாகவோ கோணலாகவோ வெளிப்படலாம். உறைந்த துண்டுகள் முகத்தில் வந்து பாயலாம். ஆகையால் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: பழைய காரின் டாஷ்போர்டை உங்கள் கையாலேயே தாராளமாகப் புதுப்பியுங்கள், காற்றுப்பை மூடியில் வெடிப்புக் கண்டால், அதைத் தொடாமல், அந்தப் பாகத்தையே மாற்றிவிடுங்கள்.